தொழில்சார் மறுவாழ்வுப் படிப்பு: களப்பயிற்சியில் மதிப்பீட்டை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: முகில்வண்ணி

எல்லோருக்கும் வணக்கம். மாற்றுத்திறனாளிகளுக்கான தொழில்சார் மறுவாழ்வு, ஆதரவுச் சேவைகள் பற்றிய முதுநிலைப் படிப்பில் இருக்கிறேன். அடுத்த பருவம் களப்பயிற்சி. மூன்று வகையினருக்கு மதிப்பீடு, வேலைத் திட்டம், பணியிட ஆதரவுத் திட்டம் எழுத வேண்டும்: அறிவுசார் குறைபாடு உள்ள, இதுவரை வேலைக்கே போகாத இளைஞர் (பொதி கட்டும் பிரிவில் விருப்பம்), ஸ்கிசோஃப்ரினியாவுக்குத் தொடர்ந்து மருந்து எடுத்துக்கொண்டு அலுவலக வேலை தேடுபவர், முதுகுத் தண்டுவடக் காயத்துக்குப் பிறகு சக்கர நாற்காலியில் பழைய வேலைக்கே திரும்ப நினைப்பவர்.

என் சந்தேகங்கள்: மதிப்பீட்டுக்குத் தாளில் எழுதும் தேர்வுகள் எந்த அளவுக்கு உதவும்? ஐசிஎஃப் (ஒருவரின் உடல், செயல்பாடு, சூழல் மூன்றையும் பதியும் சர்வதேச வகைப்பாடு) குறியீடுகள் வெறும் படிவம் நிரப்பும் வேலைதானா? ஒரு வேலையை எத்தனை படிகளாகப் பிரிப்பது? பணியிடத்தில் கூடவே நின்று கற்றுத்தரும் பணிப் பயிற்சியாளர் எப்போது விலகலாம்? வகுப்பில் வரையறைகள் சொல்லிக்கொடுத்தார்கள். நேரில் எப்படிச் செய்வது என்பதுதான் பிடிபடவில்லை.

மறுமொழி: தாழ்வாரம்

முதலில் தேர்வுகள். திறன் தேர்வுகளில் பெரும்பாலானவை நேரக் கட்டுப்பாடு உள்ளவை. கை நடுக்கம் உள்ளவருக்கோ, மருந்தால் மந்தமாக இருப்பவருக்கோ, சைகை மொழியையே முதல் மொழியாகக் கொண்டவருக்கோ அந்தத் தேர்வு கொடுத்தால், வேலைத் திறன் தெரிய வராது. தேர்வு எழுதும் திறன்தான் தெரியும். மதிப்பெண்ணை எந்தக் குழுவோடு ஒப்பிடுகிறார்களோ அதில் அவரைப் போன்றவர்கள் இருந்தார்களா என்பதையும் தேர்வின் கையேட்டில் பார்த்துவிட்டு மதிப்பெண்ணை எழுதுங்கள். தேர்வையே தள்ளிவிடச் சொல்லவில்லை. விருப்ப ஆய்வு, படிக்கும் நிலை, எண் அறிவு இவற்றுக்குப் பயன்படும். அதை வைத்து "வேலைக்குத் தகுதியற்றவர்" என்று முடிவு எழுதிவிடுவதுதான் பெரிய தவறு.

உங்கள் இளைஞருக்குச் சூழல்சார் மதிப்பீடு செய்யுங்கள். நிஜமான பணியிடத்தில், நிஜமான வேலையில், சில மணி நேரம் வைத்துப் பார்ப்பது. ஒரே இடத்தோடு நிறுத்தாதீர்கள். குறைந்தது இரண்டு வேறுபட்ட இடங்கள் வேண்டும், ஒன்று சத்தமானது, ஒன்று அமைதியானது. காலையிலும் பாருங்கள், மதிய உணவுக்குப் பிறகும் பாருங்கள். இதுவரை வேலை செய்யாதவரிடம் "உங்களுக்கு என்ன பிடிக்கும்" என்று கேட்டால், அவர் பார்த்த ஒன்றிரண்டு வேலைகளைத்தான் சொல்வார். விருப்பம் என்பதே அனுபவித்த பிறகுதான் உருவாகும்.

குறிப்பெடுப்பதில் கறாராக இருங்கள். "சோம்பல்", "கவனம் இல்லை", "ஒத்துழைக்கவில்லை" இவை எதுவும் கவனிப்பு ஆகாது, தீர்ப்பு. "40 நிமிடத்தில் 3 முறை எழுந்து சன்னலுக்குப் போனார், மூன்று முறையும் பெட்டிகள் தீர்ந்து, புதியவை வராத நேரம்" என்று எழுதினால் காரணம் அதிலேயே கிடைத்துவிடுகிறது. பொருள் வழங்கல் சரியில்லை. ஆளைத் திருத்தத் தேவையில்லை.

ஐசிஎஃப் பற்றி. 2001-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட இந்த வகைப்பாட்டைப் பலரும் படிவமாகவே நிரப்பிவிட்டுப் போகிறார்கள். அதன் உண்மையான பயன் இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கிறது. ஊதியம் பெறும் வேலைக்கான குறியீடு டி850. அதற்குப் பின்னால் வரும் முதல் எண், அவர் இப்போது வாழும் சூழலில் எப்படிச் செய்கிறார் என்பது. இரண்டாவது எண், எந்த உதவியும் இல்லாமல் அவரால் எவ்வளவு முடியும் என்பது. 0 என்றால் சிரமமே இல்லை. 4 என்றால் முழுச் சிரமம். முதல் எண் 3, இரண்டாவது 1 என்று வந்தால், அவருக்கு முடியும், சூழல்தான் தடுக்கிறது. உடனே சூழல் காரணிகளுக்கான 'இ' வரிசைக்குப் போய் எது தடுக்கிறது என்று தேடுங்கள்: மேலதிகாரிகளின் ஆதரவு (இ330), வேலைக்கான கருவிகள் (இ135), குடும்பம் (இ310). இரண்டு எண்களும் தலைகீழாக, 1, 3 என்று வந்தால், ஏதோ ஒரு ஆதரவு அவரைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. அது எது என்று தெரியாமல் அதை விலக்கிவிடக் கூடாது.

மறுமொழி: கைப்பிடி

பொதி கட்டும் வேலையின் செயல் பகுப்பாய்வை, அதாவது வேலையைச் சிறு படிகளாகப் பிரித்து எழுதுவதை, நான் சொல்கிறேன். இந்தத் துறையில் நாம் படிக்க வேண்டியது வேலையை. ஆளின் குறையைப் படிப்பது அதற்கு அடுத்ததுதான். மார்க் கோல்ட் என்ற ஆய்வாளர் 1972-ல் வெளியிட்ட ஆய்வில், அறிவுசார் குறைபாடு உள்ள இளைஞர்களுக்கு 15 உதிரிபாகங்கள் கொண்ட சைக்கிள் பிரேக்கைக் கோக்கக் கற்றுக்கொடுத்தார். பாகங்களின் எந்தப் பக்கம் மேலே வர வேண்டும் என்பதற்கு நிறக் குறி வைத்தபோது கற்றல் விரைவானது. ஆள் மாறவில்லை, கற்றுக்கொடுத்த முறையும் பொருளும் மாறின.

பகுப்பாய்வு எழுதுவதற்கு முன் நீங்களே அந்த வேலையைச் செய்ய வேண்டும், அதுவும் அங்கே நன்றாகச் செய்யும் ஒருவருக்குப் பக்கத்தில் நின்று. ஒரே வேலையை இருவர் இரு விதமாகச் செய்வார்கள். எந்த முறையைக் கற்றுக்கொடுப்பது என்று மேற்பார்வையாளரிடம் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் விட்டால், இரண்டு வாரம் கழித்து "இப்படி இல்லை, அப்படி" என்று யாராவது மாற்றிச் சொல்வார்கள், பயிற்சி முழுவதும் குழம்பிப்போகும்.

ஆறு பாட்டில் கொண்ட பெட்டி என்று வையுங்கள். தட்டையான அட்டையை அடுக்கிலிருந்து எடுப்பது, விரித்துச் சதுரமாக்குவது, அடியில் உள்ள குட்டை மடல்களை மடிப்பது, நீள மடல்களை மடிப்பது, டேப் ஒட்டுவது, திருப்பி வைப்பது, தடுப்பு அட்டையைச் செருகுவது, ஆறு பாட்டிலை வைப்பது, ரசீதை மேலே வைப்பது, மேல் மடல்களை மூடுவது, டேப் ஒட்டுவது, முகவரிச் சீட்டு ஒட்டுவது, வண்டியில் அடுக்குவது. 13 படிகள். எல்லோருக்கும் இதே 13 என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு படியில் தொடர்ந்து தடுமாறினால் அதை மட்டும் மேலும் உடையுங்கள். "டேப் ஒட்டுவது" என்பதற்குள் முனையைக் கண்டுபிடிப்பது, இணைப்புக் கோட்டின் மேல் வைப்பது, இழுப்பது, வெட்டுவது என்று நான்கு இருக்கின்றன. தடுமாறாத படிகளை உடைத்தால் தாள்தான் நீளும்.

இந்த வேலையில் வழக்கமாகத் தவறும் இடங்கள் மூன்று. திருப்பி வைக்கும்போது பெட்டி தலைகீழாகவே இருந்துவிடும். மேலே வர வேண்டிய பக்கத்தில் வண்ணப் பொட்டு ஒட்டினால் தீரும். பாட்டில் எண்ணிக்கை ஐந்தாகவோ ஏழாகவோ ஆகும். ஆறு குழி உள்ள பலகையை மேசையில் பொருத்தி, முதலில் குழிகளை நிரப்பிவிட்டுப் பிறகு பெட்டிக்கு மாற்றச் சொன்னால் எண்ணத் தெரிய வேண்டிய அவசியமே இல்லாமல் போகும். முகவரிச் சீட்டு அடுத்த பெட்டிக்குரியதாக மாறிவிடும். ரசீதும் சீட்டும் ஒரே கிளிப்பில் வருமாறு முந்தைய மேசையில் ஏற்பாடு செய்யுங்கள். முதல் இரண்டும் கருவி மாற்றம், மூன்றாவது வேலை ஒழுங்கில் மாற்றம். மூன்றுமே அங்கு வேலை செய்யும் மற்றவர்களின் தவறுகளையும் குறைக்கும், அதனால் நிர்வாகம் எளிதில் ஒத்துக்கொள்ளும்.

படிகளைக் கற்றுக்கொடுக்கும் வரிசைக்கு மூன்று வழிகள் உண்டு: முதல் படியிலிருந்து, கடைசிப் படியிலிருந்து பின்னோக்கி, அல்லது ஒவ்வொரு முறையும் எல்லாப் படிகளும். ஒரு நாளில் ஒரே பெட்டியைப் பல முறை கட்டும் வேலைக்கு மூன்றாவதே பொருத்தம். முடிக்க வெகுநேரம் ஆகும், பாதியில் சலிப்பு வரும் வேலைக்குப் பின்னோக்கிக் கற்பிப்பது நல்லது. ஒவ்வொரு முறையும் முடித்த நிறைவோடு எழுவார்.

முகில்வண்ணி

மிக்க நன்றி. தூண்டல் (அடுத்த படியைச் செய்யத் தரும் குறிப்பு அல்லது உதவி) கொடுப்பதை எப்படிப் பதிவு செய்வது, எவ்வளவு நேரம் காத்திருப்பது? கூடவே நின்று சொல்லிக்கொண்டே இருந்தால் நன்றாகச் செய்வதாகவும், நகர்ந்தால் நின்றுவிடுவதாகவும் எங்கள் மேல்வகுப்பு மாணவர்கள் சொல்கிறார்கள்.

மறுமொழி: கைப்பிடி

நகர்ந்தால் நின்றுவிடுவது என்றால், அவர் உங்கள் குரலுக்கு வேலை செய்யக் கற்றிருக்கிறார். பெட்டியைப் பார்த்து அடுத்தது என்ன என்று கற்கவில்லை. பேச்சுத் தூண்டல்தான் விலக்க மிகக் கடினமானது. வாயில் எளிதாக வந்துவிடும், பிறகு நிறுத்த முடியாது. அதனால் பணியிடத்தில் நான் சைகையைப் பேச்சுக்கு முன் வைப்பேன். முதலில் எதுவும் சொல்லாமல் 3 முதல் 5 நொடி காத்திருங்கள். நகரவில்லை என்றால் பொருளை நோக்கிக் கை காட்டுங்கள். மறுபடியும் காத்திருப்பு. அடுத்து ஒரு சிறு சொல், அதற்கும் பிறகு செய்து காட்டுதல், கடைசியாகக் கை பிடித்து வழிநடத்துதல். கையைத் தொடும் முன் ஒவ்வொரு முறையும் சம்மதம் கேட்க வேண்டும். பாடத்தில் சில இடங்களில் பேச்சு முதலில் வரும். இரைச்சல் உள்ள தொழிற்கூடத்தில் அந்த வரிசை உதவாது.

பதிவுத் தாள் எளிதாக இருக்கட்டும். இடப்பக்கம் 13 படிகள், வலப்பக்கம் ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு பத்தி. தானாகச் செய்தால் கூட்டல் குறி. இல்லையென்றால் கடைசியாகத் தேவைப்பட்ட தூண்டலின் முதலெழுத்து: சை, பே, செ, கை. 13-ல் 9 கூட்டல் என்றால் 69 விழுக்காடு. மொத்த விழுக்காட்டை மட்டும் வரைபடத்தில் போட்டுவிட்டு நகராதீர்கள். வரிசையாகக் கிடைமட்டத்தில் பாருங்கள்: எந்தப் படியில் தொடர்ந்து 'பே' வருகிறது? அங்கே ஆளுக்குக் கூடுதல் பயிற்சி தருவதற்கு முன், பொருளை மாற்ற முடியுமா என்று யோசியுங்கள்.

வேகத்தைத் தனியாக அளக்க வேண்டும். அங்கு வேலை செய்பவர் மணிக்கு 20 பெட்டி, இவர் 12 என்றால் 60 விழுக்காடு. ஒவ்வொரு படிக்கும் நிறுத்து கடிகாரம் பிடித்தால், வேகக்குறைவு எல்லாப் படிகளிலும் சமமாக இருக்காது. பெரும்பாலும் டேப் முனையைத் தேடுவதிலேயே நேரம் போகும். கைப்பிடி உள்ள டேப் வெட்டி கொடுத்ததும் வித்தியாசம் தெரியும். துல்லியம் நிலைக்கும் முன் வேகத்தைத் தூண்டாதீர்கள், தவறே பழக்கமாகிவிடும்.

விலகுவது முதல் நாளிலிருந்தே திட்டத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். தொடர்ந்து மூன்று வேலை நாட்கள் 90 விழுக்காட்டுக்கு மேல் தானாகச் செய்தால் முதலில் தூரத்தைக் கூட்டுங்கள்: பக்கத்திலிருந்து மேசைக்கு எதிரே, பிறகு அறையின் மூலை, பிறகு வெளியே. அதற்குப் பின்தான் நேரத்தைக் குறையுங்கள். குறைக்கும்போது நடுநேரத்தை முதலில் விடுங்கள். வருகை, இடைவேளை, வீடு திரும்பும் நேரம் இவற்றைக் கடைசியில் விடுங்கள். பெட்டி கட்டுவதில் சிக்கல் வருவதைவிட, இடைவேளையில் யாரோடு உட்காருவது, நேர மாற்றத்தை யாரிடம் சொல்வது என்பதில்தான் வேலை போகிறது.

அவர் உங்களிடம் சந்தேகம் கேட்டால், பதில் தெரிந்தாலும் மேற்பார்வையாளரிடம் அழைத்துப் போங்கள். இயல்பான ஆதரவாளராக ஒரு சக ஊழியரைத் தேடும்போது, மனம் இளகியவரைத் தேடாதீர்கள். பக்கத்து மேசையில், அதே நேரப் பிரிவில் இருப்பவரைத் தேடுங்கள். இருவர் வேண்டும். ஒருவர் விடுப்பில் போனால் எல்லாம் சரிந்துவிடக் கூடாது.

மறுமொழி: கிழக்குவாசல்

தாழ்வாரம் அவர்கள் சொன்னதில் ஒன்றில் மாறுபடுகிறேன். சூழல்சார் மதிப்பீடு முதல் நபருக்குச் சரி. இரண்டாமவருக்கு அதையே முன்வாசலாக வைத்தால், "இன்னும் தயாராகவில்லை" என்று மாதக்கணக்கில் பயிற்சி மையத்திலேயே வைத்துவிடும் பழைய வழிக்குப் போய்விடுவோம். கடுமையான மனநலப் பாதிப்பு உள்ளவர்களுக்கு ஆய்வுகளில் வலுவாக நிற்கும் முறை ஐபிஎஸ் எனப்படும் தனிநபர் வேலையமர்வு ஆதரவு. முதலில் வேலை, பயிற்சி வேலைக்குள்ளேயே. வேலை வேண்டும் என்று அவர் சொன்னால் அதுவே தகுதி. நோயின் பெயரோ, மருத்துவமனையில் இருந்த வரலாறோ, போதைப்பொருள் பழக்கமோ அவரை வெளியே நிறுத்தக் கூடாது.

இந்த முறை வேலை செய்வது அதன் கறாரான அமைப்பால்தான். சேர்ந்த 30 நாட்களுக்குள் ஒரு முதலாளியோடு நேரடித் தொடர்பு. ஒரு வேலை ஆதரவாளருக்கு 20 பேருக்கு மேல் இல்லை. வாரம் குறைந்தது 6 முதலாளிகளை நேரில் சந்திப்பது. அந்த ஆதரவாளர் மனநலச் சிகிச்சைக் குழுவின் கூட்டங்களில் உட்கார வேண்டும். தனி அலுவலகத்தில் இருந்துகொண்டு கடிதம் அனுப்பினால் போதாது. இவையெல்லாம், முறை சரியாகப் பின்பற்றப்படுகிறதா என்று அளக்கும் 25 அம்சங்கள் கொண்ட நம்பகத்தன்மை அளவுகோலில் மதிப்பெண்ணாக வருகின்றன, மொத்தம் 125; 100 அல்லது அதற்கு மேல் வந்தால்தான் 'நன்று'. உங்கள் களப்பயிற்சி மையத்தை இந்த அளவுகோலால் ஒருமுறை அளந்து அறிக்கையில் சேருங்கள். எங்கே இடிக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

முதலாளியைச் சந்திக்கும்போது முதல் நாளே "இவரை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று கேட்டால் பெரும்பாலும் மறுப்புதான். முதல் சந்திப்பு நேரம் கேட்க மட்டும். இரண்டாவதில் அவர் தொழிலைப் பற்றிக் கேளுங்கள்: எந்த வேலையில் ஆள் நிலைப்பதில்லை, எது தேங்கிக் கிடக்கிறது, நல்ல ஊழியர் என்று யாரைச் சொல்வார். மூன்றாவதில்தான் பொருத்தமான ஒருவரைப் பற்றிப் பேசுவது. இரக்கம் கேட்டு வாங்கிய வேலை முதல் சிக்கலிலேயே கைநழுவும்.

நோயை வெளியே சொல்வதா என்பதை அவர்தான் தீர்மானிக்க வேண்டும். சம்மதப் படிவத்தில் "தகவல் பகிரலாம்" என்று ஒரே வரியில் கையெழுத்து வாங்காதீர்கள். யாரிடம், என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது, எந்தத் தேதி வரை, எப்படித் திரும்பப் பெறலாம் என்று தனித்தனியாக இருக்க வேண்டும். பெரும்பாலும் நோயின் பெயரே தேவைப்படாது. "காலை மருந்தால் தூக்கக் கலக்கம் இருக்கும், 10 மணிக்கு வேலை தொடங்கினால் நன்றாகச் செய்வார்", "வாய்மொழியாகச் சொன்னது மறந்துவிடும், எழுதிக் கொடுங்கள்" இவ்வளவு போதும்.

உதவித்தொகை பெறுபவராக இருந்தால், சம்பளம் வந்தால் தொகை என்ன ஆகும் என்பதை வேலைக்கு முன்னாலேயே எழுத்தில் கணக்கிட்டுக் கொடுங்கள். நேர்காணல் வரை வந்துவிட்டுக் குடும்பம் பின்வாங்கினால், இந்தப் பயம்தானா என்று முதலில் கேளுங்கள்.

பாதுகாப்புப் பட்டறை போன்ற தனித்து ஒதுக்கிய வேலையிடங்கள் பற்றி உங்கள் தேர்வில் கேள்வி வரும். 2006-ஆம் ஆண்டின் ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 27-வது பிரிவையும், அதற்கு 2022-ல் வந்த 8-வது பொதுக் கருத்துரையையும் சேர்த்துப் படியுங்கள். தனித்து ஒதுக்கிய வேலை அந்த உரிமைக்குப் பொருந்தாது என்று கருத்துரை தெளிவாகவே சொல்கிறது. 1983-ன் சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 159-வது உடன்படிக்கையில் வேலையைப் 'பெறுவது' மட்டுமல்ல, 'தக்கவைப்பது', 'முன்னேறுவது' என்றும் இருப்பதைக் கவனியுங்கள். வேலை கிடைத்ததும் கோப்பை மூடிவிடும் பழக்கம் அந்த இரண்டையும் விட்டுவிடுகிறது.

மறுமொழி: தாழ்வாரம்

கிழக்குவாசல் சொல்வது இரண்டாமவர் விஷயத்தில் சரி. மதிப்பீடு நுழைவாயிலாக மாறினால் கெடுதல்தான். இளைஞர் விஷயத்திலும் அதற்கு ஒரு முடிவுத் தேதி வைத்துவிடுங்கள்.

மறுமொழி: சாய்தளம்

மூன்றாமவரைப் பற்றி யாரும் எழுதவில்லை. பழைய வேலைக்குத் திரும்புவது பெரும்பாலும் எளிதான வழி. முதலாளிக்கு ஆளைத் தெரியும், ஆளுக்கு வேலை தெரியும். அவருடைய பணியின் கடமைகளை இரண்டாகப் பிரியுங்கள்: அது இல்லாவிட்டால் அந்தப் பதவியே இல்லை என்பவை, யாருக்கு வேண்டுமானாலும் மாற்றிக் கொடுக்கக் கூடியவை. மேல் அலமாரியிலிருந்து கோப்பு எடுப்பது இரண்டாவது வகை. அதைக் காரணம் காட்டி முழுப் பதவியையும் மறுப்பது அடிக்கடி நடக்கிறது.

இட ஆய்வுக்கு அளவுநாடாவோடு போங்கள், முடிந்தால் அவரையும் அழைத்துக்கொண்டு. கதவை 90 பாகை திறந்து வைத்து, கதவின் முகப்பிலிருந்து எதிர்ச் சட்டம் வரை அளந்தால் குறைந்தது 80 சென்டிமீட்டர் வேண்டும். சட்டத்துக்குச் சட்டம் அளந்தால் தவறான எண் வரும், கதவின் தடிமன் அதில் மறைந்துவிடும். நாற்காலி திரும்ப 150 சென்டிமீட்டர் விட்டமுள்ள இடம். கழிவறைக்குள்ளும் இதே கணக்கு. சாய்தளம் 1-க்கு 12: 15 சென்டிமீட்டர் உயரப் படிக்கு 180 சென்டிமீட்டர் நீளம். பலகையை மட்டும் சாய்த்து வைத்துவிட்டு "வசதி செய்தாயிற்று" என்பார்கள். செங்குத்தாக இருந்தால் நாற்காலி பின்புறம் கவிழும். மேசைக்கு அடியில் முழங்கால் நுழைய 70 சென்டிமீட்டர் உயரம் பாருங்கள், இழுப்பறை இடிக்கிறதா என்றும் பாருங்கள்.

கட்டடத்தை விட உடல் சார்ந்தவற்றில்தான் திட்டங்கள் அதிகம் தவறுகின்றன. அழுத்தப் புண் வராமல் இருக்க 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை முன்னோக்கியோ பக்கவாட்டிலோ சாய்ந்து எடையை மாற்ற வேண்டும், கிட்டத்தட்ட இரண்டு நிமிடம். கையை ஊன்றிச் சில நொடி எழும்பி உட்கார்வது இரத்த ஓட்டம் திரும்பப் போதாது. கூட்டங்களிலும் அவர் இதைத் தயங்காமல் செய்ய முடியுமா என்று கேளுங்கள். அவ்வப்போது குழாய் செருகிச் சிறுநீரை வெளியேற்றுபவர் என்றால் 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை சுத்தமான, அணுகக்கூடிய கழிவறை வேண்டும். அது வேறு தளத்தில் இருந்தால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார், தொற்று வரும், விடுப்பு கூடும், கடைசியில் "வேலைக்கு ஒத்துவரவில்லை" என்று கோப்பில் ஏறும்.

காயம் மார்புப் பகுதியின் 6-வது தண்டுவட நிலையிலோ அதற்கு மேலோ இருந்தால், இரத்த அழுத்தம் திடீரென ஏறும் அவசர நிலை வரக்கூடும். கடும் தலைவலி, முகம் சிவப்பது, வியர்வை ஆகியவை அறிகுறிகள். உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, சிறுநீர்ப் பை நிரம்பியிருக்கிறதா, குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குறையாவிட்டால் அவசர மருத்துவ உதவி. படுக்கவைப்பது ஆபத்து, மயக்கம் என்று நினைத்து எல்லோரும் முதலில் செய்வது அதுதான். அவர் சம்மதத்தோடு, அருகில் இருக்கும் இருவருக்காவது இது தெரிந்திருக்க வேண்டும்.

முதல் வாரங்களில் அரை நாள், பிறகு படிப்படியாகக் கூட்டுவது என்று தேதியோடு அட்டவணை போடுங்கள். தேதி இல்லாத அரை நாள் ஏற்பாடு நிரந்தர அரைச் சம்பளமாக மாறிவிடும். போக்குவரத்தை எல்லாவற்றுக்கும் முன் பாருங்கள்: வீட்டு வாசலிலிருந்து மேசை வரை, வழியில் ஒவ்வொரு ஏற்றமும் இறக்கமும், வேலைக்குப் போகும் அதே நேரத்தில் ஒருமுறை அவரோடு போய்ப் பார்த்து எழுதுங்கள்.